ப்ளம் ஜாமும் பழுப்புப் பாட்டிலும்

லண்டன்,
1934 ஏப்ரல் 3

என் அருமைத் தங்கை ஹெஸ்டருக்கு,

உன் அண்ணன் ஆம்புரோஸ் உயிரோடுதான் இருக்கிறான். மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. நீயும், நம் வீட்டின் ஓட்டைக் கூரையும், அந்தத் திமிர் பிடித்த பூனையும் சுகந்தானே?

ஒரு உதவி வேண்டும். பத்திரிகைக்குச் சிரிப்புச் செய்யுள் எழுதினால் ஊர் சிரிக்கிறது. துப்பறியும் கதை எழுதினால்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. ஜூன் முடிவதற்குள் புதுக் கதையைக் கொடுக்காவிட்டால் பதிப்பாளர் என்னையே கொலை செய்துவிடுவார். கதையில் ஒரு பணக்கார மாமா. அவருக்குக் காலையில் ரொட்டியோடு ப்ளம் ஜாம் இல்லாமல் ஆகாது. சொத்துக்கு அலைகிற மருமகன் அதில் பாஷாணத்தைக் கலக்கிறான். கேள்வி இதுதான்: ஜாமில் கலந்தால் ருசி தெரியுமா, தெரியாதா?

இங்கே மருந்துக்கடையில் கேட்டால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். நம் ஊருக்குப் புதிதாக ஒரு மருந்துக்கடைக்காரர் வந்திருக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அவரிடம் கேட்டு எழுது. உன் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி டீச்சர் முகம் உனக்கு.

தும்மலோடு விடைபெறும்
ஆம்புரோஸ்


லிட்டில் ஹார்கம், சஃபோக்,
ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். பூனையும் நலம். கூரை போன மழைக்கு இன்னொரு இடத்தில் அழ ஆரம்பித்திருக்கிறது. மூக்குக்கு வெந்நீரில் ஆவி பிடி. பிராந்தியை மூக்குக்கு என்று சொல்லிக்கொண்டு வாயில் ஊற்றாதே.

உன் பேச்சைக் கேட்டு நான் போனேனே, என்னைச் சொல்ல வேண்டும்! கடையில் எனக்குப் பின்னால் மிஸஸ் ஸ்பின்க் நின்றாள். எதிர்வீட்டில் ஊசி விழுந்தால் ஊர் முழுக்கச் சொல்லிவருகிறவள்தான், மறந்திருக்க மாட்டாய். நான் குரலைத் தாழ்த்தி, "ப்ளம் ஜாம்ல பாஷாணம் கலந்தா ருசி தெரியுமாங்க?" என்றேன்.

கடைக்காரர் பெயர் மிஸ்டர் பெல்ச்சம். மனுஷர் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்க ஊர்ல ஜாமுக்குச் சர்க்கரைதாங்க போடுவோம்," என்றார்.

"எனக்கு இல்லீங்க, எங்க அண்ணனுக்கு."

"அண்ணனுக்கா!"

பின்னால் மிஸஸ் ஸ்பின்க் "ஆண்டவரே!" என்று கூடையை நழுவவிட்டாள். வெங்காயம் கடை முழுக்க உருண்டது. நீ கதை எழுதுகிறவன் என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் உன் கதைகளைப் படித்திருக்கிறாராம். "உங்க அண்ணன் கதையில விஷம் குடிச்சவன் எல்லாம் உடனே சாவுறாங்க. நெஜத்துல அப்படி இல்லீங்க," என்றார். இது ஒருநாளில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்றும் சொன்னார். ஆகவே மறுபடி போக வேண்டியிருக்கிறது. உனக்காகத்தான் போகிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
ஹெஸ்டர்


லண்டன்,
ஏப்ரல் 14

என் அருமை ஹெஸ்டிக்கு,

மூக்கு நின்றுவிட்டது, இப்போது இருமல். வெங்காயம் உருண்டதைப் படித்துவிட்டு நாற்காலியோடு விழுந்தேன். சுடச்சுட ஒரு செய்யுள் வந்தது, பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன்:

மாமா கொஞ்சம் ஜாம்கேட்டார்,
மருமகன் அதிலே மருந்திட்டான்;
ஆமாம் ருசிதான் என்றிட்டார்,
அதுவே அவரது கடைசிச்சொல்.

அந்த பெல்ச்சம் ஆசாமியை விடாதே. மெதுவாக, தினம் கொஞ்சமாக விஷம் கொடுத்தால் உடம்பில் என்னென்ன தெரியும்? பசி போகுமா? தூக்கம் போகுமா? எல்லாம் கேள். ஆள் எப்படி, மூக்கு எப்படி, நடை எப்படி என்றும் எழுது. சிரிக்கிற மாதிரி ஏதாவது இருந்தால் அவர் மேலும் ஒரு செய்யுள் போட்டுவிடலாம்.

இருமலுக்கு நடுவே அன்புடன்
ஆம்புரோஸ்


லிட்டில் ஹார்கம்,
மே 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. இருமல் தீர்ந்ததா? நான் நலம் என்றுதான் எழுத வேண்டும்.

விஷ விவகாரம் கடையில் நின்று பேசுகிற பேச்சு இல்லை என்பதால் மிஸ்டர் பெல்ச்சம் தேநீருக்கு வந்தார். பிறகு இன்னொரு தடவை வந்தார். பிறகும் வந்தார். பசி போகுமாம், தூக்கம் போகுமாம், முகம் திடீரென்று சிவக்குமாம், கை நடுங்குமாம். எழுதிக்கொள்.

மூக்கு சாதாரண மூக்கு. சிரிக்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

பாவம், நல்ல மனுஷர். முன்பு நார்ஃபோக்கில் கடை வைத்திருந்தார். சம்சாரம் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் மருந்துக்கடைக்காரர், மனைவி செத்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? என்னவோ கொடுத்துவிட்டான் என்று ஆரம்பித்தார்கள். ஒருவர் இருவராகக் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். கடைசியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்திருக்கிறார். "இன்னொரு தரம் அப்படி ஒரு பேச்சு வந்தா எனக்குத் தெம்பு இல்லீங்க," என்றார். கேட்டதும் எனக்கு மனசே ஆறவில்லை.

அவரே கிளறிய ப்ளம் ஜாம் ஒரு ஜாடி கொடுத்திருக்கிறார். ஒரு பழுப்புப் பாட்டிலும் கொடுத்தார். அதில் என்ன என்று உனக்கு எழுத மாட்டேன். வீடு என் பெயரிலா உன் பெயரிலா என்று விசாரித்தார். கூரைக்காகத்தான்.

எனக்கு இந்தச் சில நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி தூக்கமும் பிடிக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது. வசந்த காலம் அல்லவா, அதனால் இருக்கும்.

இப்படிக்கு உன் தங்கை
ஹெஸ்டர்


லண்டன்,
மே 5

ஹெஸ்டி,

என் சுகத்தை விடு. ஜாமைத் தொடாதே. தேநீரையும் தொடாதே. காரணம் கேட்காதே. பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டு. இனி அவித்த முட்டை மட்டும் சாப்பிடு. முட்டைக்குள் எவனும் எதையும் கலக்க முடியாது. அண்ணன் இருக்கிறேன்.

ஆ.


லண்டன்,
மே 5

லிட்டில் ஹார்கம் காவல் நிலையம், கான்ஸ்டபிள் தர்க்கெட்டில் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் மிதிவண்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் கதைகளில் கிராமத்துக் கான்ஸ்டபிள் எப்போதும் தப்பான ஆளையே பிடிப்பதாக எழுதுகிறேன் என்று தங்களுக்கு வருத்தம் உண்டு என அறிவேன். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள இதோ ஒரு சந்தர்ப்பம்.

என் தங்கைக்கு யாரோ மெதுவாக விஷம் கொடுக்கிறார்கள். பசி இல்லை, தூக்கம் இல்லை, தானாகச் சிரிக்கிறாள். நாற்பது வயதுவரை அப்படிச் சிரித்தவள் இல்லை. மருந்துக்கடைக்காரன் வீட்டுக்கு வந்துபோகிறான். ஜாமும் பாட்டிலும் கொடுத்திருக்கிறான். வீடு யார் பெயரில் என்று கேட்கிறான். முதல் மனைவி செத்தது எப்படி என்று அவன் பழைய ஊரே பேசியதாம்! இதற்கு மேல் என்ன துப்பு வேண்டும்? உடனே செயல்படவும். ரகசியமாக.

தங்கள் நலம் கோரும்
ஆம்புரோஸ் டில்காட்


லிட்டில் ஹார்கம்,
மே 13

அண்ணா,

சுகம் விசாரிக்க இன்று எனக்கு மனசில்லை.

ரகசியமாக என்று எழுதினாயாமே? தர்க்கெட்டில் ரகசியமாக வந்த லட்சணத்தைக் கேள். நேற்றுச் சனிக்கிழமை, பகல், நாலு தெரு சனமும் கடைக்கு வருகிற நேரம். முதலில் நம் வீட்டு அலமாரியைத் திறந்து ஜாமையும் பாட்டிலையும் எடுத்தான். நான் கத்தக் கத்த, "அம்மா, இதுவரைக்கும் உங்க அண்ணன் கதையில நான் கோட்டை விட்டுட்டே இருக்கேன். இந்தத் தடவை விட மாட்டேன்," என்று மிதிவண்டியில் ஏறிவிட்டான். நான் தலைக்குக் குல்லாகூட இல்லாமல் பின்னாலேயே ஓடினேன்.

கடைக்குள் போய் ஜாடியை மேஜைமேல் டங்கென்று வைத்து, "இதுல என்னய்யா கலந்திருக்க?" என்றான். அவ்வளவுதான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் இருமல் மருந்தையும் களிம்பையும் அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார்கள். மிஸஸ் ஸ்பின்க் அன்று காலையில்தான் வாங்கித் தின்ற மிட்டாயை நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மிஸ்டர் பெல்ச்சம் சண்டை போடவில்லை. "இங்கேயுமா?" என்று மட்டும் கேட்டார். ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தார். இப்போது கடைக்கதவில் "வாடகைக்கு" என்று அட்டை தொங்குகிறது. வருகிற சனிக்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாராம். நான் கதவைத் தட்டினேன், அவர் திறக்கவில்லை. என் முகத்தில் அவர் ஏன் விழிக்க வேண்டும்? எனக்குத்தான் அவரைப் பார்க்க என்ன முகம் இருக்கிறது? அவர் என்னிடம் நம்பிச் சொன்னதை நான் உன்னிடம் சொன்னேன்.

இனி ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. பசி போனது, தூக்கம் போனது, சிரித்தது எல்லாம் அதனால்தான். உன்னிடம் ஏன் சொல்லவில்லை தெரியுமா? சொன்னால் நாலு வரிச் செய்யுளாக்கி அடுத்த வாரம் ஊரைச் சிரிக்க வைப்பாய் என்றுதான். செய்யுளே தேவலை என்று ஆக்கிவிட்டாயே, படுபாவி!

அவித்த முட்டையாம், முட்டை!

ஹெஸ்டர்


நீலப் பன்றி விடுதி, லிட்டில் ஹார்கம்,
மே 19

என் அருமைத் தங்கைக்கு,

நீ கதவைத் திறக்கவில்லை. நியாயம்தான். அதனால் எதிர்ப்பக்க விடுதியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் சமையலறை ஜன்னல் இங்கிருந்து தெரிகிறது. என் உடல்நிலை எப்படி என்று நீ கேட்கமாட்டாய். இருந்தாலும் சொல்கிறேன், விக்கல் நிற்கவில்லை. விக்கினால் வாசனை வருகிறது. காரணம் கீழே வருகிறது.

ஊர் மொத்தமும் வசந்தத் திருவிழாவுக்காகச் சர்ச் மைதானத்தில் இருந்தது. தர்க்கெட்டிலைத் தேநீர்க் கூடாரத்தில் பிடித்தேன். சாட்சிப் பொருளை ஒரு நிமிஷம்கூட விட்டுப் பிரிய மாட்டேன் என்று ஜாடியைக் கக்கத்திலும் பாட்டிலைச் சட்டைப்பையிலும் வைத்திருந்தார். பிடுங்கிக்கொண்டு, பரிசு அறிவிக்கிற நாற்காலிமேல் ஏறினேன்.

"ஊராரே! இந்த மனுஷன் மேல ஒரு குத்தமும் இல்ல. புத்தி கெட்டது நான்தான். இதோ பாருங்க!" என்று ஜாமைக் கரண்டியால் அள்ளி அள்ளித் தின்றேன். ஜாடி காலி. அருமையான ஜாம், ஹெஸ்டி.

எல்லாரும் நான் விழுவேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழவில்லை. உன் மிஸஸ் ஸ்பின்க் விடுவாளா? "ஜாம் சரி. பாட்டில்?" என்றாள்.

ஆனது ஆகட்டும் என்று பாட்டிலைத் திறந்து மடமடவென்று வாயில் ஊற்றினேன். அப்போதுதான் சாவிக்கொத்தோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்ற பெல்ச்சம் அலறினார்: "அய்யய்யோ, அதைக் குடிக்காதீங்க! அது குடிக்கிறது இல்ல!"

மிஸஸ் ஸ்பின்க், "ஆங்! நான் அப்பவே சொல்லல?" என்றாள். தர்க்கெட்டில் விலங்கை எடுத்துவிட்டார். நான் செத்தேன் என்றே நினைத்தேன். என் கதையில் வருகிறவர்களாவது ஒரு பக்கம் பேசிவிட்டுச் சாவார்கள். எனக்குப் பேச்சே வரவில்லை.

பெல்ச்சம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, பக்கத்து மேஜையிலிருந்த பால் ஜாடியை என் வாயில் கவிழ்த்தார். "குடிங்க, குடிங்க. ஒண்ணும் ஆகாது. லாவெண்டர் தண்ணிதான்."

"லாவெண்டர் தண்ணி எதுக்குய்யா?" என்றார் தர்க்கெட்டில்.

மனுஷர் காதுவரை சிவந்துபோனார். "மிஸ் டில்காட் தலைமுடிக்கு. நானே வடிச்சேன்."

"அவங்க முடிக்கு நீங்க எதுக்கு வடிக்கணும்?" என்றார் பாதிரியார்.

"அவங்களுக்குன்னு ஏதாவது செய்யணும்போல இருந்துச்சுங்க," என்றார் பெல்ச்சம். "எனக்கு வேற என்ன தெரியும்?"

யாரும் சிரிக்கவில்லை, ஹெஸ்டி. ஊர் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு அந்த மனுஷர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மிஸஸ் ஸ்பின்க் ஓவென்று அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த இருமல் மருந்து இன்னும் இருக்காய்யா?" என்றாள். அவளுக்குப் பின்னால் களிம்பு கேட்டு ஒருவர் வந்தார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவரைச் சுற்றி ஒரு வரிசை நின்றுவிட்டது.

அவர் இப்போது கீழே, விடுதி வாசலில், தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு உன் கதவைப் பார்த்தபடி நிற்கிறார். தட்டத் தைரியம் இல்லை. இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். எனக்குத் திறக்க வேண்டாம். அவருக்குத் திற.

விக்கலுடன்
ஆம்புரோஸ்


எதிர்வீடு,
அதே நாள்

அண்ணா,

கடிதம் கிடைத்தது. கொண்டுவந்தவரும் கிடைத்தார். உள்ளே உட்கார்ந்திருக்கிறார், பூனை அவர் மடியில். ஆட்டுக்கறி அடுப்பில் இருக்கிறது. மூன்று தட்டு வைத்திருக்கிறேன். விக்கலுக்குச் சர்க்கரை வாயில் போட்டுக்கொண்டு வா.

ஹெஸ்டர்


லிட்டில் ஹார்கம்,
ஜூன் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். ஆமாம், நாங்கள் என்றுதான் எழுதுகிறேன். கூரையும் நலம், ரோலண்ட் (இனி எனக்கு அவர் மிஸ்டர் பெல்ச்சம் இல்லை) ஏணி வைத்து ஏறி அடைத்துவிட்டார். ஏணி கீழே விழுந்ததால் மதியம் வரை அங்கேயே இருந்தார், அது வேறு கதை. உன் கதை முடிந்ததா? வயிறு சரியாகிவிட்டதா?

இன்று சர்ச்சில் எங்கள் கல்யாண ஓலையை முதல் தடவையாக வாசித்தார்கள். "இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாருக்காவது காரணம் தெரிந்தால் இப்போதே சொல்லலாம்" என்று பாதிரியார் கேட்டாரோ இல்லையோ, ஊர் மொத்தமும் திரும்பிக் காலியாக இருந்த உன் இடத்தைப் பார்த்தது. ரோலண்டின் கை என் கைக்குள் சில்லிட்டுவிட்டது. யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்களோ என்று இன்னமும் அவருக்குப் பயம்.

அப்போது தர்க்கெட்டில் எழுந்தான். நான் ரோலண்டின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மெதுவாக நடந்து வந்து, சட்டைப்பைக்குள் கையை விட்டு, நீ குடித்து மிச்சம் வைத்த பழுப்புப் பாட்டிலை எடுத்து ரோலண்ட் கையில் வைத்தான். "கேஸ் முடிஞ்சுபோச்சுங்க. சாட்சிப் பொருளைத் திருப்பிக் கொடுக்கணும்ல," என்றான். இத்தனை வாரம் அவன் பையில் இருந்ததால் காவல் நிலையமே மணக்கிறதாம். பாதிரியாரே சிரித்துவிட்டார். ரோலண்ட் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கல்யாணம் ஜூன் முப்பது. அப்பா இல்லை, என்னைக் கைபிடித்து அழைத்துப் போக நீதான் வரவேண்டும். நிபந்தனை ஒன்று: செய்யுள் கூடாது. இத்தனை நாள் எல்லாவற்றையும் உன்னிடம் சொல்லத்தான் எனக்கு ஆசை. இனிமேலாவது சொல்லவிடு.

உன் வரவை எதிர்பார்க்கும்
ஹெஸ்டர்


லண்டன்,
ஜூன் 14

என் அருமைத் தங்கை ஹெஸ்டிக்கு,

மூக்கு, இருமல், வயிறு எல்லாம் சுகம். விக்கல் மட்டும் எப்போதாவது வருகிறது. வந்தால் என் அறையில் பூந்தோட்டம்.

கதை முடிந்தது. மாமா சாகவில்லை, எனக்குக் கை வரவில்லை. பதிப்பாளர், "கொலையே இல்லாத கொலைக்கதைய எவன்யா வாங்குவான்?" என்று குதிக்கிறார். குதிக்கட்டும். மாமா ரொட்டியோடு ஜாம் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்கிறார். அதுதான் கடைசிப் பக்கம்.

கட்டாயம் வருகிறேன். புதுக் கோட்டு தைக்கக் கொடுத்தாயிற்று. செய்யுள் கொண்டுவர மாட்டேன். உண்மையைச் சொன்னால், எழுதிப் பார்த்தேன். சிரிப்பாக ஒன்றும் வரவில்லை. பேனாவைப் பிடித்தாலே உன் மே மாதக் கடிதந்தான் ஞாபகம் வருகிறது. பாத்திரம் கழுவும்போது காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது என்று எழுதியிருந்தாய். நான் அதை விஷத்தின் அறிகுறி என்று படித்தேன். என் தங்கை சிரித்தாள், எனக்கு அது நோய் மாதிரி தெரிந்தது. அந்த வீட்டில் நீ எத்தனை காலம் சிரிக்காமல் இருந்திருக்கிறாய் என்று எனக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

ரோலண்டிடம் சொல், ப்ளம் ஜாம் இன்னொரு ஜாடி வேண்டும். ருசி பார்த்துவிட்டேன், அதில் ஒன்றும் கலக்கவில்லை. நீ நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. சிரிப்பை மட்டும் நிறுத்திவிடாதே. நான் வந்து கேட்க வேண்டும்.

முப்பதாம் தேதி உன் கையைப் பிடிக்கப்போகிற
அண்ணன் ஆம்புரோஸ்